வகுப்பில் கொடுத்த தாத்தா

(சிங்கப்பூர், தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை மாலை. கல்மேசையில் மீனா, கையில் பேனாவும் குறிப்பேடும். எதிரே, டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற வேலு மாமா. இருவரும் பேசியது முழுக்கப் பேச்சுத்தமிழ்தான். படிக்க வசதியாக இருக்கட்டுமே என்று நான் அதற்குக் கொஞ்சம் சட்டை மாட்டிவிட்டிருக்கிறேன்.)

மீனா: மாமா, நீங்கள் மாணவன். நான் தேர்வாளர். ஆரம்பிக்கலாமா?

வேலு: தேர்வு உன் மகனுக்குத்தானே? அவன் எங்கே?

மீனா: துணைப்பாட வகுப்பில் இருக்கிறான். ஆகஸ்டில் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு. வீட்டில் நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுப்பது எப்படி என்று எனக்கு ஒரு பயிற்சி வேண்டாமா?

வேலு: அதற்கு நான்தான் கிடைத்தேனா?

மீனா: இந்த புளோக்கில் ஆங்கிலம் கலக்காமல் திட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வேலு: (நிமிர்ந்து உட்கார்ந்து) அது சரி. மார்க் எத்தனை?

மீனா: தமிழுக்கு நூறு என்றால் அதில் 25 வாய்மொழிக்கு. முதலில் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். அப்புறம் காணொளி பற்றிய உரையாடல். முடிவில் எல்லாத் தாளையும் கூட்டி ஏஎல் போடுவார்கள்.

வேலு: அது என்ன ஏஎல்? என் மகள் காலத்தில் இருநூற்று ஐம்பது, அறுபது என்று வரும். எண் பெரியதாக வந்தால் கோயிலில் தேங்காய்.

மீனா: அதெல்லாம் 2021-லேயே போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை. அதுதான் ஏஎல்.

வேலு: அப்போ எட்டு வாங்கினால் எட்டுத் தேங்காய்.

மீனா: எட்டு வாங்கினால் தேங்காயை என் தலையில்தான் உடைக்க வேண்டும். ஒன்றுதான் உச்சம் மாமா. 90-க்குக் குறையாமல் எடுத்தால் ஒன்று. நான்கு பாடத்தையும் கூட்டி 4 வந்தால் ராஜா. 32 வந்தால் வெளியே சொல்ல முடியாது.

வேலு: ஃபோர்-டி (4D) லாட்டரிச் சீட்டில்கூட இவ்வளவு குழப்பம் இல்லை. சரி, காணொளியைப் போடு.

(மீனா கைப்பேசியை நீட்டுகிறாள். உணவங்காடி நிலையம். ஒருவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மேசையிலேயே விட்டுப் போகிறார். இரண்டு மைனாக்கள் வந்து உட்காருகின்றன.)

மீனா: என்ன பார்த்தீர்கள்? சொல்லுங்கள்.

வேலு: (எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு) பேரன்புமிக்க தேர்வாளர் பெருமக்களே! இக்காணொளியின்கண் யான் கண்ணுற்றது யாதெனில்...

மீனா: உட்காருங்கள். மேடைத் தமிழுக்கு மார்க் கிடையாது. வாசிப்பில்தான் எழுத்துத்தமிழ். உரையாடலுக்கு நல்ல பேச்சுத்தமிழ் வேண்டும்.

வேலு: பேச்சுத்தமிழா? அறுபத்தெட்டு வருஷமாக அதைத்தானே பேசுகிறேன்! எழுதிக்கொள். ‘அந்த அங்கிள் மக்கான் முடிச்சிட்டு, டிரேயை டேபிள்ல போட்டுட்டு, சாபுட் ஆயிட்டாரு லா.’

மீனா: இதில் தமிழ் எங்கே மாமா?

வேலு: முடிச்சிட்டு, போட்டுட்டு, ஆயிட்டாரு. பெயர்ச்சொல்தான் கடன் அம்மா, வினைச்சொல் அத்தனையும் சொந்தம்.

மீனா: மக்கான், சாப்பாடு, மலாய். சாபுட், கம்பி நீட்டுவது, அதுவும் மலாய். டிரே ஆங்கிலம்.

வேலு: லா?

மீனா: லா பொதுச்சொத்து. ஆனால் தேர்வறைக்குள் அனுமதி இல்லை. (எழுதுகிறாள்) இப்போதைக்கு உங்களுக்கு ஏஎல் 6.

வேலு: முருகன் முகம் ஆறு. நல்ல எண்தான்.

மீனா: அடுத்த கேள்வி. நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வேலு: ஒன்றும் செய்திருக்க மாட்டேன். என் கோப்பி ஆறிவிடும்.

மீனா: தப்பு. ‘அவரிடம் பணிவாக எடுத்துக் கூறுவேன்.’

வேலு: பணிவாகச் சொன்னால் அந்த ஆள் கேட்பானா?

மீனா: தேர்வில் எல்லாரும் கேட்பார்கள்.

வேலு: பன்னிரண்டு வயதுப் பையன் முன்பின் தெரியாதவரிடம் போய்ப் புத்தி சொன்னால் நீ சும்மா இருப்பாயா?

மீனா: தோலை உரித்துவிடுவேன். தேர்வில் சொல்லாமல் வந்தாலும் உரிப்பேன்.

வேலு: ஐயோ பாவம் அந்தப் பிள்ளை.

மீனா: தட்டை ஏன் திருப்பி வைக்க வேண்டும்? காரணம் சொல்லுங்கள்.

வேலு: முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம்.

மீனா: அது பயம் மாமா. காரணம் கேட்டேன்.

வேலு: எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மீனா: ‘தூய்மை, அடுத்து வருபவரின் வசதி, துப்புரவாளரின் சுமை.’ மூன்றையும் சொன்ன பிறகுதான் சொந்த அனுபவம். என் மகன் எழுதி வைத்திருக்கிறான், கேளுங்கள். (குறிப்பேட்டைப் புரட்டி) ‘சென்ற வாரம் நானும் என் தாத்தாவும் உணவங்காடி நிலையத்திற்குச் சென்றோம். தாத்தா தட்டைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். நான் அவரிடம் எடுத்துக் கூறினேன். அவர் மனம் மகிழ்ந்தார்.’

வேலு: உன் மாமனார் மன்னார்குடியில் அல்லவா இருக்கிறார்?

மீனா: ஆமாம். என் அப்பா பட்டுக்கோட்டையில். இது வகுப்பில் கொடுத்த தாத்தா.

வேலு: தாத்தாவைக்கூடக் கொடுக்கிறார்களா?

மீனா: வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பதினொருவருக்கும் இவர்தான். பூங்கா காணொளி வந்தால் குப்பை போடுவார். நூலகம் வந்தால் சத்தமாகப் பேசுவார். பேருந்து வந்தால் உட்கார இடமில்லாமல் தள்ளாடுவார்.

வேலு: ஒரு மனிதன் எத்தனை இடத்துக்குத்தான் போவார்! அவருக்கும் வயதாகிறதல்லவா?

மீனா: எங்கே போனாலும் கடைசியில் மனம் மகிழ்ந்துவிடுவார்.

(வேலு மாமா முட்டியைத் தடவிக்கொண்டு சற்று நேரம் யோசிக்கிறார். இது அவருக்கு வழக்கமில்லை.)

வேலு: மீனா, போன மாதம் தேக்கா சந்தையில் நீ மீன் வாங்கப் போனபோது உன் மகனை என்னோடு உட்கார வைத்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா?

மீனா: ஆமாம், புரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள்.

வேலு: சாப்பிட்டு முடித்ததும் எனக்கு முட்டி வலி. தட்டை அப்படியே விட்டு எழுந்தேன். உன் மகன் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘தாத்தா, மைனாவுக்கு ஓசியில புரோட்டாவா?’ என்றான். சொல்லிவிட்டு என் தட்டையும் சேர்த்து அவனே எடுத்துப் போனான். திரும்பி வந்து, ‘முட்டி வலிச்சா சொல்லலாம்ல, வாய் வலிக்கலையே’ என்றான்.

மீனா: என் மகனா? தமிழிலா?

வேலு: ஒரு சொல் கலப்பில்லை.

மீனா: வீட்டில் நான் தமிழில் பேசினால் ‘ம்’ என்பான். கோபம் வந்தால் ‘ம்ம்’ என்பான்.

வேலு: நான் மனம் மகிழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முகம் சிவந்து போயிற்று. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். இதைத் தேர்வில் அப்படியே சொல்லச் சொல். ஏஎல் 1 வராவிட்டால் என்னைக் கேள்.

மீனா: (பேனாவைக் கீழே வைத்து) எப்படி மாமா சொல்வான்? தாத்தா, தட்டு, உணவங்காடி நிலையம். அந்த வகுப்பில் அவன் பள்ளிப் பிள்ளைகளே நாலு பேர். இவனுக்கு முன்னால் போன மூன்று பேரும் அதையே சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். இவனும் போய்த் தாத்தா என்று ஆரம்பித்தால் மனப்பாடம் என்றுதான் நினைப்பார்கள்.

வேலு: நான் நிஜத் தாத்தா அம்மா!

மீனா: நிஜம்தான். ஆனால் கேட்டால் மனப்பாடம் மாதிரி இருக்கிறீர்களே.

(சாலையில் பேருந்து போகும் சத்தம் அடங்கும் வரை இருவரும் பேசவில்லை.)

வேலு: சரி, ஒன்று செய். என்னைப் பாட்டி ஆக்கிவிடு.

மீனா: (எழுதிக்கொண்டே) பாட்டிக்கு முட்டி வலி இருக்கட்டுமா, எடுத்துவிடவா?

வேலு: அது இருக்கட்டும். அதையாவது மாற்றாதே.