பீட் வயலில் மண்ணைக் காப்பது யார் செலவில்?

உணவு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'மீளுருவாக்க வேளாண்மை' என்ற சொல் இல்லாமல் இருப்பதில்லை. கூடவே ஒரு படமும் இருக்கும்: பசேலென்ற வயல், உள்ளங்கையில் ஒரு பிடி கருமண், சிரித்த முகத்தோடு ஒரு விவசாயி. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை பீட் விஷயத்தில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மண்ணைக் காப்பாற்று என்று விவசாயிக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காப்பாற்றப் போய் ஒரு வருடம் கையைச் சுட்டுக்கொண்டால் அந்த நஷ்டத்தில் பங்கெடுக்க ஒருவரும் இல்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கில், சஃபோக் மாவட்டத்தில். இங்கே குளிர்காலம் என்றாலே பீட் லாரிகள்தான். பரி செயின்ட் எட்மண்ட்ஸ், கான்ட்லி, விஸ்ஸிங்டன், நியூவார்க் என்று நாட்டில் மொத்தம் 4 ஆலைகள். நான்குமே பிரிட்டிஷ் சுகர் என்ற ஒரே நிறுவனத்துடையவை. சர்க்கரை பீட் நாம் பொரியல் செய்யும் பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. நிறம் வெள்ளை, ஒரு கிழங்கு சாதாரணமாக ஒரு கிலோ வரும், எடையில் 16 முதல் 18 சதவீதம் சர்க்கரை. 1747-இல் மார்க்கிராஃப் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையேதான் என்று கண்டுபிடித்தார். பிறகு நெப்போலியன் காலத்தில் கடல்வழி வணிகம் முடங்கிக் கரும்புச் சர்க்கரை வராமல் போனபோது பிரான்ஸ் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மண்ணை அதிகம் கிளறாதே, வெறுமையாக விடாதே, எப்போதும் ஏதாவது ஒரு வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கட்டும். மீளுருவாக்க வேளாண்மை சொல்வதன் சாரம் இதுதான். கோதுமைக்காரர் இதைக் கேட்டுத் தலையாட்டலாம். பீட்காரர் என்ன செய்வார்? பீட் விதை சிறியது, புட்டுமாவு போல உதிரியான மண் கேட்கும். மார்ச், ஏப்ரலில் விதைத்தால் இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரிசையை மூட ஜூன் ஆகிவிடும். அதுவரை நிலம் வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்தே கிடக்கும், களையும் முந்திக்கொண்டு வரும். இவ்வளவும் தாண்டி வந்தால் அறுவடை. கரும்பைப் போல அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டு, மறுதாம்பு எடுக்க இதில் வழியில்லை. விற்கிற பொருளே வேர்தான். பிடுங்காமல் முடியாது.

அந்தப் பிடுங்கும் வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர், விடாத தூறல், மண் ஊறிக் கிடக்கிறது. ஆறு வரிசையை ஒரே மூச்சில் எடுக்கும் ராட்சத இயந்திரம் வருகிறது. பெரிய ரகங்கள் தொட்டி நிறைந்தால் 50 டன்னைத் தாண்டிவிடும். அது போன தடத்தில் சக்கரப் பள்ளம் முழங்காலுக்கு நிற்கிறது, அதில் தண்ணீர் தேங்குகிறது. இறுகிய அந்த அடிமண் இளக எத்தனையோ வருடம் ஆகும். கிழங்கின் பக்கவாட்டில் இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு. அதில் அப்பிய களிமண்ணை விரலால் நோண்டினாலும் வராது. வயலோரம் அம்பாரமாகக் குவித்து, சுத்தம் செய்யும் இயந்திரத்தில் உருட்டியெடுத்த பிறகும் ஒரு பங்கு மண் லாரியேறிப் போய்விடுகிறது. பெல்ஜியத்தில் கணக்கெடுத்தபோது ஓர் அறுவடைக்கு, ஒரு ஹெக்டேரில், ஏறத்தாழ 9 டன் மண் இப்படி வயலை விட்டுப் போவதாகத் தெரிந்தது. ஆலையில் மாதிரி எடுத்து மண்ணின் எடையைக் கழித்துக்கொண்டுதான் காசு தருவார்கள். கழுவி எடுத்த மண்ணோ மேல்மண் என்ற பெயரில் தோட்டவேலைகளுக்கு விற்பனையாகிறது. சாற்றைத் தெளிய வைத்த சுண்ணாம்பு வயலுக்கே திரும்பி விலைக்கு வரும், சக்கை மாட்டுத்தீவனமாகப் போகும். விஸ்ஸிங்டன் ஆலை தன் உபரி வெப்பத்தில் தக்காளி வளர்த்தது, அப்புறம் அதே கண்ணாடிக் கூடாரத்தில் மருந்துக்கான கஞ்சாவுக்கு மாறியது! கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. எதையும் வீணாக்கத் தெரியாத ஒரு தொழில், விவசாயியின் அடிமண் வீணாவதை மட்டும் அவர் பாடு என்று விட்டுவிடுவதுதான் இடிக்கிறது.

ஏன் டிசம்பர் சேற்றில் பிடுங்க வேண்டும், அக்டோபரில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நம்மூரில் கரும்புக்கு வெட்டு உத்தரவு வருகிற மாதிரி இங்கேயும் ஆலையின் அட்டவணைதான் நாளை முடிவுசெய்கிறது. ஆலை செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நிற்காமல் ஓட வேண்டும், எல்லோர் கிழங்கும் ஒரே மாதத்தில் வந்து குவிந்தால் அதற்குக் கட்டாது. தாமதமாகக் கொண்டுவருபவர்களுக்குக் கூடுதல் தொகைகூட உண்டு. அதே நேரம் அக்டோபரிலும் கிழங்கு பருத்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் எடுத்தால் எடை நஷ்டம். ஆக, மண் நன்றாக இருக்கும்போது எடுப்பவருக்கு இழப்பு, மண் கெட்டுக் கிடக்கும்போது எடுப்பவருக்கு ஊக்கம். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்காமல் மண்புழு எண்ணிக்கை பற்றி வகுப்பு எடுப்பதில் என்ன பயன்? எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இதைப் பச்சையாகவே கேட்டார்: ஆலோசகரை அனுப்புகிற செலவுக்கு, களிமண் வயல்களை முதலில் எடுக்க ஒரு முறை கொடுத்தால் என்ன? மணல் வயல்கள் ஜனவரி வரை தாங்கும், களிமண் தாங்காது. இது இந்தப் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

இன்னொரு பயம் அசுவினி. இலையெல்லாம் மஞ்சளாகும் வைரஸ் நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். 2020-இல் பிரிட்டனில் விளைச்சல் கால்வாசி போயிற்று, பிரான்சில் நிலைமை அதைவிட மோசம். விதையில் பூசும் நியோனிகோட்டினாய்டு மருந்து தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018-இல் ஐரோப்பா திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. பிரிட்டனில் 2022, 2023, 2024-இல் அவசர அனுமதியில் பயன்படுத்தினார்கள், 2025-க்கு அரசு மறுத்துவிட்டது. மறுத்தது சரி என்பதே என் கட்சி. தேனீயைக் கொன்று சர்க்கரை தின்ன வேண்டியதில்லை. ஆனால் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த 2020 வந்தால் நீயே பார்த்துக்கொள் என்பது நியாயமில்லை. ஒரு மோசமான வருடம் போதும், விவசாயி பீட்டையே கைவிட்டுவிட்டுப் போய்விடுவார்.

செய்யக்கூடியவை இருக்கின்றன, செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கோதுமை எடுத்ததும் எண்ணெய் முள்ளங்கி, கடுகு என்று மூடுபயிர் விதைப்பது. முழு நிலத்தையும் உழாமல் விதை விழும் பட்டையை மட்டும் கீறுவது. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகும் மணல் பகுதிகளில் பீட் வரிசைகளுக்கு இடையே பார்லி போட்டு, பீட் தலைதூக்கியதும் அதை அழித்துவிடுவது. டென்மார்க்கில் உருவான ஃபார்ம்டிராய்ட் என்ற சூரியசக்தி ரோபோ எந்த விதை எங்கே விழுந்தது என்று நினைவில் வைத்திருந்து, அதைத் தொடாமல் சுற்றிலும் களையெடுக்கிறது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உழாத பீட் வயல் பலவற்றில் மூடுபயிரையும் களையையும் கொல்வது கிளைபோசேட் என்ற ரசாயனக் களைக்கொல்லிதான். அது அறிக்கையின் படத்தில் வராது.

குத்தகை இன்னொரு தலைவலி. பீட் நிலங்களில் கணிசமானவை குத்தகை நிலங்கள். ஓரிரு வருடத்தில் கைமாறப்போகிற மண்ணுக்கு ஐந்து வருடத் திட்டம் போட யாருக்கு மனசு வரும்?

அரசு உதவி இருக்கிறதே என்பார்கள். இருந்தது. இங்கிலாந்தின் நிலைத்த வேளாண்மை ஊக்கத் திட்டத்தில் பல வகை கலந்த குளிர்கால மூடுபயிருக்கு ஹெக்டேருக்கு 129 பவுண்டு. நம்பிப் பலர் விதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, 2025 மார்ச் 11 அன்று புதிய விண்ணப்பங்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் கதவைச் சாத்தினார்கள். மண்ணில் கரிமம் சேர வருடக்கணக்கில் ஆகும், அரசுத் திட்டமோ ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், உதவி என்பது கொள்முதல் ஒப்பந்தத்துக்குள் இருக்க வேண்டும். வயலில் குறைகிற பசுங்குடில் வாயு உமிழ்வைப் பிஸ்கட்டும் குளிர்பானமும் செய்கிறவர்கள் தங்கள் கார்பன் கணக்கில் காட்டிக்கொள்கிறார்கள். காட்டட்டும், காசைக் கொடுத்துவிட்டுக் காட்டட்டும். 2022-23 ஒப்பந்தத்தில் டன்னுக்கு 27 பவுண்டாக இருந்த விலை அடுத்த வருடமே 40 ஆனது. இப்படித் தாவுகிற விலையை நம்பி யாரும் மண்ணில் முதலீடு செய்ய மாட்டார்கள். ஐந்து வருடத்துக்குக் குறையாத ஒப்பந்தம், களிமண் வயலுக்கு அறுவடையில் முன்னுரிமை, சீக்கிரம் எடுப்பதால் குறையும் எடைக்கு ஈடு, நோய் வருடத்தில் நஷ்டத்தில் பாதி. இவற்றோடு, மண்ணைக் காக்கிறவருக்கு டன்னுக்கு 2 பவுண்டு கூடுதல். ஹெக்டேருக்கு 70 டன் விளைந்தால் 140 பவுண்டு, அரசு நிறுத்திய மூடுபயிர்த் தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு டன் கிழங்கில் சுமார் 160 கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்று வைத்தால், இந்த 2 பவுண்டு கிலோவுக்கு ஒன்றேகால் பென்னிதான். பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடிக்கிற பச்சை இலைச் சின்னத்துக்கு இதைவிட அதிகம் செலவாகும் என்று நினைக்கிறேன்.