எஃப்.ஐ.ஆரை கமிஷனர் ரத்து செய்ய முடியாது

"கமிஷனரிடம் மனு கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். ரத்தாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. மாநகரக் காவல்துறைக்கே தலைவர் என்றாலும் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பதிவான எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் உள்ளார்ந்த அதிகாரம் உயர்நீதிமன்றத்துடையது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528-வது பிரிவு இதைச் சொல்கிறது. புகாரில் உண்மையில்லை என்று போலீஸ் கருதினாலும் தானாக மூடிவிட முடியாது. 193-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் இறுதி அறிக்கை தர வேண்டும். புகார்தாரருக்கு நோட்டீஸ் போகும், அவர் ஆட்சேபிக்கலாம். அறிக்கையை ஏற்காமல் மேல்விசாரணைக்கு உத்தரவிடவும் மாஜிஸ்திரேட்டால் முடியும்.

அதற்காக கமிஷனர் அலுவலகத்துக்குப் போவது வீண் என்று நினைக்க வேண்டாம். விசாரணை ஒருதலைப்பட்சமாக நடந்தால் வேறு அதிகாரிக்கோ, மாநகரக் காவல்துறையிலேயே உள்ள மத்திய குற்றப்பிரிவுக்கோ வழக்கை மாற்ற அவரால் முடியும். கேட்க வேண்டியது இதைத்தான். மனுவில் எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு, காவல் நிலையம், சட்டப்பிரிவுகளைக் குறிப்பிட்டு, ஒப்புகை ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். "ரத்து செய்து தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பிக் காத்திருந்தால், அதற்குள் குற்றப்பத்திரிகையே தாக்கலாகிவிடக்கூடும்.