விசாவுக்காகக் கடன் வாங்கி பேங்க் பேலன்ஸ் காட்ட வேண்டாம்

சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் டூரிஸ்ட் விசா கிடைக்க அக்கவுண்டில் பத்து லட்சம் வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்கியாவது போடுங்கள், டிக்கெட்டும் எடுத்து வையுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். பி1/பி2 எனப்படும் இந்த டூரிஸ்ட் விசாவுக்குக் குறைந்தபட்ச இருப்பு என்று எந்தத் தொகையும் கிடையாது. டிக்கெட்டும் விசா கைக்கு வந்த பிறகு எடுத்தால் போதும்.

நேர்காணலில் விசா அதிகாரி பார்ப்பது வேறு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்ற அனுமானத்தில்தான் தொடங்குவார்கள். அப்படி இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. இங்கே என்ன வேலை, எத்தனை நாள் பயணம், செலவு யாருடையது, ஏன் திரும்பி வருவீர்கள், இதற்கெல்லாம் நேரான பதில் வேண்டும். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல சமயம் ஃபைலைத் திறக்கக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்கள், ஏஜென்ட் நிரப்பிய டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் படிக்காமலே போய் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதை அவர்களுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். தமிழிலேயே பதில் சொல்லலாம், பயம் வேண்டாம்.

அப்புறம், 214(பி) மறுப்பு வந்தால் மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாகப் பதிவானால் நிரந்தரத் தடையே வரலாம்.