குழந்தை அறைக்குத்தானே என்று சொல்லாதீர்கள்

மகளின் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் மாட்ட ஒரு நீராவிக்கப்பல் படம் வாங்கினேன். மூன்றடி அகலம், நல்ல மரச்சட்டம், கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலம். மாட்டிய அன்று இரவே ஆறு வயதுக்காரி கேட்டாள்: "அப்பா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். பாய்கள் மூன்றும் முன்பக்கமாக உப்பி நிற்கின்றன. அப்படியென்றால் காற்று பின்னாலிருந்து, கப்பலைவிட வேகமாக வருகிறது. புகையும் முன்னால்தானே போகவேண்டும்? அதுவோ வால்போலப் பின்னோக்கி நீள்கிறது. கொடி புகைக்கு எதிர்த்திசையில் பறக்கிறது. ஒரே கப்பலில் இரண்டு காற்று! அதோடு விட்டார்களா? நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது, ஆனால் முகப்பில் அலை இரண்டாகப் பிளந்து நுரைக்கிறது. நங்கூரம் போட்ட கப்பல் எப்படி ஓடும்? துடுப்புச் சக்கரம் நீர்மட்டத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. அது எதைத் தள்ளிக்கொண்டு போகிறது?

விற்றவர்களிடம் முறையிட்டேன். "குழந்தை அறைக்கான படம்தானே, இவ்வளவு நுணுக்கமாக யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பார்க்கப்போகிறார்களா? குழந்தை பார்க்கப்போகிறாள்! கூடத்தில் தொங்கும் படத்தை விருந்தாளி அரை நிமிடம் பார்ப்பார், பிறகு மறந்துபோவார். இவள் தூக்கம் வரும்வரை தினமும் பார்க்கிறாள். காய்ச்சலில் கிடந்தால் பகல் முழுக்கப் பார்க்கிறாள். வீட்டிலேயே மிகக் கூர்ந்து பார்க்கப்படும் சுவர் அதுதான். அங்கே போய் எப்படியோ ஒன்றைக் கிறுக்கி ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பாயும் புகையும் ஒரே கப்பலில் இருப்பதில் தவறே இல்லை. தொடக்ககால நீராவிக்கப்பல்கள் அப்படித்தான் இருந்தன. 1819இல் அட்லாண்டிக்கைக் கடந்த சவான்னா, பயணத்தின் பெரும்பகுதியைப் பாய் விரித்தே ஓடியது. வேண்டாதபோது அதன் துடுப்புச் சக்கரங்களை மடக்கித் தளத்தின்மேல் ஏற்றிவைத்துக்கொள்ளலாம். 1858இல் நீரில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்னில் ஐந்து புகைபோக்கிகள், ஆறு பாய்மரங்கள், பக்கத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம், போதாதற்குப் பின்னால் உந்துவிசிறி! இப்படியொரு கப்பல் உண்மையிலேயே கடலில் ஓடியிருக்கிறது. அதை வரையுங்களேன். எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லும்?

வேறு படம் தேடினால் திரும்பிய பக்கமெல்லாம் டைட்டானிக். நான்கு புகைபோக்கிகளிலும் கரும்புகை. கொதிகலன்களின் புகை முதல் மூன்றின் வழியாகத்தான் போனது. நான்காவது முக்கியமாகக் காற்றோட்டத்துக்காக வைத்தது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். 1912இல் சுமார் 1,500 பேரைப் பலிகொண்டு மூழ்கிய கப்பலுக்குக் கண்ணும் சிரித்த வாயும் வரைந்து, கீழே 'இனிய கனவுகள்' என்று எழுதியிருக்கிறார்கள்! கொஞ்சமாவது யோசித்தார்களா? விளக்கை அணைக்கும் நேரத்தில், "இந்தக் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது?" என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

1843இல் நீரில் இறக்கிய 'கிரேட் பிரிட்டன்' என்ற நீராவிக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். 'குயின் மேரி' கப்பல் 1967 முதல் அமெரிக்காவின் லாங் பீச்சில் நிற்கிறது. "பெரியவளானதும் போய்ப் பார்" என்று குழந்தையிடம் சொல்ல முடிகிற கப்பல்கள். குழந்தைகள் அறைக்கென்று விற்கும் படங்களில் நான் தேடியவரை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வாங்கிய படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. கிரேட் பிரிட்டனைத் துறையில் நிறுத்தியிருந்தபோது 1844இல் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டப்போகிறேன். நீலமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் அதில் எந்தக் கயிற்றைத் தொட்டுக் கேட்டாலும் அவளுக்கு ஒரு பதில் இருக்கும்.