ஒரு வரி தள்ளிப்போன அட்டவணை

ஒரே உறுப்பில், ஒரே கட்டத்தில் கண்டறியப்பட்ட இருவரின் புற்றுநோய்கள்கூட மரபணு அளவில் வெவ்வேறாக இருக்கக்கூடும். அதனால்தான் இன்னாருக்கு இன்ன மருந்து என்று தேர்ந்து கொடுக்கும் தனிநபர் மருத்துவத்தின் மீது இத்தனை நம்பிக்கை வைக்கிறோம். ஆனால் மனித மரபணுத்தொகையின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில், கட்டியில் மாறியிருப்பவை எவை, அவற்றுள் நோயை வளர்ப்பவை எவை, வெறுமனே உடன் வந்தவை எவை என்று பிரித்தறிவது கணினியின்றி ஆகாத காரியம்.

இதன் பலன் கண்கூடு. 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில், 21 மரபணுக்களின் செயல்பாட்டை, நோய் திரும்பிவரும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண்ணாக்கிப் பார்த்தபோது, ஒருவகை ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோயில் நடுத்தர மதிப்பெண் பெற்ற பெண்களுள் பெரும்பாலோருக்குக் கீமோதெரபி தேவையில்லை, ஹார்மோன் சிகிச்சையே போதும் என்று தெரியவந்தது.

ஆயினும் என்னை உறங்கவிடாதது இன்னொரு கதை. கட்டியின் மரபணுச் செயல்பாட்டைக் கொண்டு எந்தக் கீமோதெரபி மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரையில் அறிவித்தனர். எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் நேராகப் பக்கத்து மரபணுவின் பெயர் நின்றது. சில இடங்களில், மருந்துக்குக் கட்டுப்பட்ட புற்றுச் செல்கள் கட்டுப்படாதவை என்றும், கட்டுப்படாதவை கட்டுப்பட்டவை என்றும் குறிக்கப்பட்டிருந்தன. இதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளிடம் மருந்துச் சோதனைகளே நடந்துகொண்டிருந்தன. அவை 2010இல் முற்றாக நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு அந்தக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

இது யாரோ ஓரிருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 'செப்ட்2' என்று அழைக்கப்பட்டுவந்த மரபணுவின் பெயரை எக்செல் என்னும் அட்டவணை மென்பொருள் தானாகவே செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், 2020இல், இத்தகைய மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, ஒரு கணிப்பு முறையை வைத்து நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுப்பதற்கு முன், அதன் மூலத்தரவையும் நிரலையும் தொடர்பில்லாத ஒருவர் முதலிலிருந்து ஓட்டி, அதே விடையைப் பெற்றாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படித் தரவைப் பிறரிடம் கொடுத்தால், பெயரை நீக்கினாலும் மரபணுத் தரவு ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கும் வழி இருக்கிறது: 33 வகைப் புற்றுநோய்களின் தரவைத் திரட்டிய அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகைத் திட்டம், தொகுத்த முடிவுகளை எல்லோருக்கும் திறந்துவைத்து, தனிநபரின் மரபணு வரிசைகளை அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டுமே தருகிறது. மருந்துச் சோதனைக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள், நோயாளியின் கையொப்பத்தைக் கேட்பதற்கு முன்பே இந்த மறுகணக்கின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.