ஐஐடிகள் கூடிச் செய்த ஒரு நல்ல காரியமும், கூடிச் செய்யாதவையும்

சமத்துவம், பன்மைத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல் என்று ஒரு பல்கலைக்கழகம் பேச ஆரம்பித்தாலே எனக்குச் சலிப்பு வந்துவிடும். அடுத்து என்ன வரும் என்பது தெரியும்: ஒரு குழு, ஒரு சுற்றறிக்கை, பேனரின் முன்னால் நின்று ஒரு குரூப் போட்டோ. ஆனால் நம் நாட்டு உயர்கல்வி நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து, எண்ணையும் ஆண்டையும் குறித்து, சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்த காரியம் ஒன்று உண்டு. ஐஐடிகளில் பெண்களுக்கான கூடுதல் இடங்கள். அதை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

2016, 2017 வாக்கில் ஐஐடி பி.டெக் வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர்தான். ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் நான்கைந்து பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் எல்லா நாளிதழ்களின் முதல் பக்கத்திலும் மாணவிகள் இனிப்பு ஊட்டிக்கொள்ளும் நாட்டில் இந்த நிலைமை. இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் மண்டி ஐஐடியின் அன்றைய இயக்குநர் திமோத்தி கோன்சால்வ்ஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். குழு சொன்னதை ஏற்று 2018-இல் 14 சதவீதம், 2019-இல் 17, 2020-இல் 20 என்று இலக்கு வைத்தார்கள். இலக்கை எட்டியும் விட்டார்கள்.

அதன் கணக்கு எளிமையானது. ஒரு பிரிவில் போன ஆண்டு 100 இடங்கள், அதில் 10 பெண்கள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்குக் கிடைத்த 90 இடங்களில் கை வைக்கக் கூடாது. அதற்கு மேல் 12, 13 இடங்களைப் புதிதாக உருவாக்கிப் பெண்களுக்குக் கொடுத்தால் அவர்கள் பங்கு 20 சதவீதத்தைத் தொடும். யாருடைய சீட்டும் பறிபோகவில்லை. சேரும் பெண்களும் அதே ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுதி, அதே தரவரிசைப் பட்டியலில் இடம் பிடித்தவர்கள்தான். இருந்தும் "தகுதி போச்சு" என்ற ஒப்பாரி எழாமல் இல்லை. எழுந்தது, இப்போதும் சில சமயம் கேட்கிறது. ஆனால் அந்த ஒப்பாரிக்கு எந்த ஒரு ஐஐடியும் தனியாகப் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. முடிவு எல்லாருக்கும் பொதுவானது. 2015 முதல் ஐஐடி, என்ஐடி எல்லாவற்றுக்கும் ஜோசா என்ற ஒரே கலந்தாய்வு. மென்பொருளில் ஒருமுறை விதியை எழுதிவிட்டால் கரக்பூருக்கும் அதுதான், திருப்பதிக்கும் அதுதான். "எங்கள் வளாகத்துக்கு இது ஒத்துவராது" என்று ஒரு துறைத் தலைவர் மூக்கைச் சுளிக்க வழியே இல்லை.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஜூன் மாதத்தில் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜோசாவில் விருப்பப் பட்டியல் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். அந்தத் தளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று பாலினப் பொது, அடுத்தது பெண்கள் மட்டும். எதிரில் போன ஆண்டின் கடைசி ரேங்க். முன்பெல்லாம் மகளை அழைத்து வரும் அப்பாக்கள் முதலில் கேட்பது, "சார், பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்பதுதான். மண்டி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினால் முகம் வாடிவிடும். இப்போதும் அந்தக் கேள்வி வருகிறது, ஆனால் இரண்டாவதாக. அந்த இரண்டாவது வரியைக் காட்டி, "இந்த ரேங்குக்கு இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் வருமா சார்?" என்பது முதலில் வருகிறது. அந்த வரி வருவதற்கு முன்பு எத்தனை பெண்கள் பக்கத்து ஊர்க் கல்லூரியிலேயே நின்றுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. 20 சதவீதத்தை எட்டிய பிறகு அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். ஐந்தில் ஒருவர் என்பது போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

சரி, இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

பெண்கள் விஷயத்தில் கூடி உட்காரத் தெரிந்த அதே நிறுவனங்கள், சாதி என்று வந்தவுடன் ஆளுக்கு ஒரு திசையில் போகின்றன. வாசல் வரைக்கும் சட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 1973 முதலும், பிற்படுத்தப்பட்டோருக்கு 2008 முதலும் ஐஐடிகளில் இடஒதுக்கீடு உண்டு. வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பது அந்தந்த வளாகத்தின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

விடுதியில் முதல் வாரத்தில் கேட்கப்படும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "உன் ரேங்க் என்ன?" வெளியே இருந்து பார்த்தால் சாதாரண விசாரிப்பு. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அது சாதி கேட்பதற்கான நாகரிகமான வழி. ரேங்கைச் சொன்னால் எந்தப் பிரிவில் வந்தாய் என்று கண்டுபிடித்துவிடலாம். பிறகு லேபில் யார் யாரோடு ஜோடி சேர்வது, புராஜெக்டில் யாரைச் சேர்த்துக்கொள்வது, எல்லாம் அதிலிருந்து தொடங்கும். 2023-இல் மும்பை ஐஐடி, சக மாணவரிடம் ஜேஇஇ ரேங்கையோ, மேற்படிப்புக்கான ‘கேட்’ (GATE) தேர்வு மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று எழுத்தில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முதல் ஆண்டு மாணவர் ஒருவர் இறந்து, சாதிப் பாகுபாடு பற்றிய கேள்வி நாடு முழுக்க எழுந்த பிறகு வந்த வழிகாட்டுதல் அது. நல்ல விதிதான். ஆனால் அது 23 ஐஐடிகளும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், சேர்க்கைக் கடிதத்தோடு அனுப்பியிருக்க வேண்டிய விதி. மும்பையில் தவறு என்பது கான்பூரில் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

சாதி விஷயத்தில் ஐஐடிகள் கூடிப் பேசியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2020-இல் டெல்லி ஐஐடியின் அன்றைய இயக்குநர் வி.ராம்கோபால் ராவ் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் பணியிலும் இடஒதுக்கீட்டை ஐஐடிகளில் எப்படி ஒழுங்காக நிறைவேற்றுவது என்று வழி சொல்லத்தான் அந்தக் குழு. அது சொன்ன வழி என்ன தெரியுமா? ஐஐடிகளுக்கு ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டத்திலிருந்தே விலக்கு கொடுங்கள் என்பது! முழு விலக்கு முடியாவிட்டால் உதவிப் பேராசிரியர் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு மாற்று யோசனை வேறு. ஒத்துழைப்பு எந்தப் பக்கமும் ஓடும், ஓட்டுகிறவரைப் பொறுத்தது.

கூடுதல் இடங்களுக்கு வசதி இல்லை என்றும் இனி யாரும் சொல்ல முடியாது. சென்னை ஐஐடி 2024-இல் விளையாட்டு வீரர்களுக்கும், அடுத்த ஆண்டு கலைத் திறன் உள்ளவர்களுக்கும் ஒவ்வொரு பிரிவிலும் கூடுதல் இடங்களைத் திறந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மனம் இருந்தால் பெஞ்சும் விடுதி அறையும் கிடைக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐஐடிகளை மட்டும் சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே விதி போட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்க ஓர் அலுவலர் வேண்டும் என்று. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியிலும் அந்த மையம் இருந்தது. ஃபைலில். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளும் ஒரே பிற்பகலில் தயாராயின. ஒரே பேனா, ஒரே மை, தேதி மட்டும் வேறு வேறு. உறுப்பினர் பட்டியலில் இருந்த மாணவிக்குத் தான் உறுப்பினர் என்பதே கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது. வந்த குழு ஃபைலைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. பக்கத்துக் கல்லூரியிலும் இதே கதைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஃபைலின் மாதிரி வடிவத்தைத் தவிர இரண்டு கல்லூரிகளும் எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை.

அந்த விதிகள் பெயரளவில் கிடக்கின்றன என்றுதான், சாதிப் பாகுபாட்டால் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் சொல்லப்படும் மாணவர்களான ரோஹித் வெமுலா, பாயல் தட்வி இருவரின் தாய்மார்களும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. பெரும் எதிர்ப்பு கிளம்பி, அந்த மாதம் முடிவதற்குள் நீதிமன்றமே அவற்றை நிறுத்தி வைத்தது. பழைய 2012 விதிகளே தொடரும் என்றது. அதாவது, அந்த ஃபைலே தொடரும்.

இதைக் கட்டாயம் இல்லாமல், விருப்பத்தின் பேரில் செய்யவைக்க முடியுமா? பிரிட்டனில் முயன்றார்கள். 2005-இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏதெனா ஸ்வான் என்ற உடன்பாட்டைத் தொடங்கின. அறிவியல் துறைகளில் பெண்களின் நிலையை உயர்த்துவோம், அதற்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தர விருதுகள். ஆரம்பத்தில் ஆமை வேகம்தான். 2011-இல் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், வெள்ளி விருது இல்லாத மருத்துவப் பள்ளிகள் குறிப்பிட்ட ஆராய்ச்சி நிதிக்கான இறுதிப் பட்டியலுக்கு வர முடியாது என்று அறிவித்தார். அதன் பிறகு பாருங்கள், விண்ணப்பங்கள் குவிந்தன. 2020-இல் படிவச் சுமை அதிகம் என்று அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டார்கள். நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அதே மாதிரியில் ‘கதி’ (GATI) என்ற திட்டத்தை 30 நிறுவனங்களோடு சோதனையாகத் தொடங்கியது. நோக்கம் நல்லது. பணத்தோடு முடிச்சுப் போடும் வரை அது சுவரில் மாட்டும் சான்றிதழ்தான் என்பது என் கணிப்பு.

இதைச் சொன்னால் "நிறுவனங்களின் தன்னாட்சி என்னாவது?" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்களை அந்தந்தப் பொறியியல் கல்லூரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் எத்தனை கல்லூரிகள் கொடுத்திருக்கும்? ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குள் வந்ததால் நடந்தது. எந்தக் கல்லூரியின் தன்னாட்சியும் அதனால் செத்துப்போகவில்லை.

பெரிய பெரிய திட்ட ஆவணங்களை நான் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மக்களவையில் மத்தியக் கல்வித் துறை இணை அமைச்சர் ஒரு பதில் கொடுத்தார். முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து இடையில் வெளியேறிய பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,500-க்கும் மேல். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, வேறு படிப்புக்கு மாறிப்போகிறார்கள் என்பது விளக்கம். இருக்கலாம். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள் என்று பிரித்துச் சொன்னால் நம்பிவிட்டுப் போகிறோம்.

ஜோசா தளத்தில் ஒவ்வொரு ஐஐடியின் ஒவ்வொரு பிரிவுக்கும், ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்று ஒரே அட்டவணை வருகிறது. அதே தளத்தில், அதே வடிவில் இன்னோர் அட்டவணை வேண்டும். இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கினார்கள், இத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று, ஐஐடி வாரியாக, ஒதுக்கீட்டு வாரியாக. எந்த வளாகமும் தனியாக இதை வெளியிடாது. முதலில் வெளியிடுகிறவருக்குத்தான் அவமானம் என்று எல்லாரும் பயப்படுவார்கள். 23 பேரும் ஒரே நாளில் வெளியிட்டால் அந்தப் பயம் இல்லை. கணக்கு ஒவ்வொரு பதிவாளர் அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.