கேக் அடிக்கிற இரண்டு பெண்களுக்கு நல்ல முடிவு வரக்கூடாதா?

பேக்கரியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் காதலிக்கிற ஒரு ஆங்கிலக் குறுநாவலைப் பற்றிப் போன கிழமை இங்கே இரண்டு வரி போட்டிருந்தேன். ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். "அக்கா, கதையில யதார்த்தமே இல்லையே. ஒரு பிரச்சினையும் இல்லாமல் கடைசியில ஒன்று சேருகினம்."

பிரச்சினை இல்லையா? கடை வாடகைக்குக் காசில்லை, இரண்டு பேருக்கும் வாய்க்கொழுப்பு வேறு. தம்பி தேடியது அதை இல்லை. ஒருத்தியும் நஞ்சு குடிக்கவில்லை, ஒருத்தியையும் பிடித்துக் கட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் அவருக்குக் குறை. தமிழ்க் கதைகளில் இப்படியான பெண்கள் பெரும்பாலும் அழுதுகொண்டேதான் வெளியே போகிறார்கள். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம்.

யதார்த்தம்தான் வேணுமென்றால் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது. ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்குகிற, இலங்கையின் வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களைத்தான் பிடித்தது. 1995இல் திருத்தப் போனவர்கள் பெண்களையும் அதற்குள் இழுத்து விட்டார்கள். சமத்துவமாம்! அதைக் குற்றமில்லை என்று மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு சரி, சட்டமூலம் நகரவில்லை.

எனக்கு அந்த நாவலில் குறை வேறு இடத்தில். அடுப்படி பொய். சீனியும் பட்டரும் அடித்துக் கை கடுக்கிறதில்லை, ஒரு தட்டும் கருகுகிறதில்லை. லவ் கேக் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, குறுணியாக வெட்டவே அரைநாள் போய்விடும். ரவையும் மஞ்சள் கருவும் சேர்ந்த கலவை கரண்டியை இழுக்கும். அதற்குள் நுரைக்க அடித்த வெள்ளைக் கருவைக் கடைசியில், நுரை அமுங்காமல் சேர்க்கவேணும். ஒருத்தி தட்டைப் பிடிக்க மற்றவள் வழிக்கிற வேலை அது. காதல் வளர இதைவிட இடம் வேணுமா? எழுதினவர் அதை விட்டுவிட்டு, மா மூட்டை வைக்கிற அறைக்குள் முத்தம் வைக்கிறார்.

இதை எங்கள் திருகோணமலையில் வைத்து யாராவது எழுதுங்கோ. கோதுமை மாவுக்குக் குறையில்லை, சீனக்குடாவில் பிறீமா ஆலை நாற்பது வருடத்துக்கு மேலாக அரைக்கிறது. உவர்மலையில் ஒரு வீட்டு அடுப்படி, பிறந்தநாள் கேக் ஓடர்கள், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் கொண்டுபோக ஒரு ஓட்டோ போதும். இரண்டு பெண்கள் ஒரு அடுப்படியில் விடியவிடிய வேலை செய்தால் ஊர் வாயே திறக்காது, "கெட்டிக்காரப் பிள்ளையள்" என்றுதான் சொல்லும். ஒருத்தி மூன்றாவது மாப்பிள்ளையையும் வேண்டாமென்றதும்தான் கதை சூடுபிடிக்கும். அப்போது கேள்வி கேட்க வருகிற பெரியம்மாவின் வாயை எழுதத் தெரிந்த ஆள் வேணும்.

ஒரு நிபந்தனை, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கவேணும். இன்னொன்று, வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பட்டர் ஐசிங் போட்ட மூன்றடுக்குக் கேக்கை மத்தியானம் ஓட்டோவில் ஏற்றி நிலாவெளிக்கு அனுப்பிவிடாதீர்கள். அலஸ்தோட்டம் தாண்டமுதல் வழிந்துவிடும், அந்த ஒரு வரியிலேயே நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.